ஏவுகணைப் படகின் எடை

நான்கு ஏவுகணைகள் போதாது, ஆறு வேண்டும் என்றார் கடற்படை அதிகாரி. படகை வடிவமைத்த ஞானதுரை, எடை தாங்காது என்றார்.

"சமையலறையை எடுத்துடுங்க."

"போன கூட்டத்துலயே எடுத்தாச்சு சார். பசங்களுக்கு இனி பிஸ்கட்தான்."

"படுக்கை?"

"பாதியை எடுத்தாச்சு. முறை வச்சுத் தூங்குவாங்க. இன்னும் முந்நூறு கிலோ இடிக்குது."

அதிகாரி வரைபடத்தில் விரலை ஓட்டினார். "பின்னாடி இந்த ரெண்டு உருளை என்ன?"

"உயிர்காப்பு மிதவை சார். படகு முங்கினா ஏறிக்கறதுக்கு."

"நம்ம படகு ஏன் முங்கப்போகுது? அது எவ்வளவு எடை?"

ஐம்பது கிலோ என்று சொல்லியிருக்கலாம். கூட்டத்துக்கு யாரும் தராசு கொண்டுவந்திருக்கவில்லை. ஆனால் எடைக்கணக்கில் முப்பது வருடமாக ஒரு கிராம்கூடப் பிசகாதவர் என்று பெயரெடுத்த ஞானதுரை, "சரியா முந்நூறு சார்" என்றார்.

இன்று காலை இருபத்திரண்டு பேருடன் படகு முதன்முறையாகக் கடலுக்குக் கிளம்பியது. கரையில் நின்ற ஞானதுரையிடம் மாலுமி ஒருவரின் மனைவி, "என்னா வேகமாப் போகுது பாருங்க சார்" என்றாள்.

"எடை கம்மிம்மா" என்றார் ஞானதுரை. படகு புள்ளியாகி மறைந்த பிறகும் அவர் அங்கிருந்து நகரவில்லை.