நாலு பங்கு

எழுந்ததும் கிணற்றடிக்குப் போனான். இரண்டு வாளி அள்ளி ஊற்றிக்கொண்டான். சவர்க்காரம் இல்லை. பனம்பழக் களியில் சட்டையைக் கும்மிக் கொடியில் போட்டான்.

பனைமட்டையை மூட்டித் தண்ணீர் கொதிக்கவைத்தான். சீனியும் இல்லை. பனங்கட்டியைக் கடித்தபடி வெறுந்தேநீர் குடித்தான்.

கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான்.

அதற்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பக்கத்து வீட்டுத் தவமலர் அக்கா வந்தார். சேலைத் தலைப்புக்குள் இரண்டு அப்பிள். கொழும்பிலிருந்து கப்பலில் வந்த யாரோ கொடுத்தது. ஒன்று கன்றியிருந்தது.

“சின்னவளுக்கு நெருப்புக்காய்ச்சல். வேற ஒண்டும் வாயில வைக்கிறாளில்லை.”

“அப்ப அவளுக்கே குடுங்கோ அக்கா.”

“எப்பிடி? ஒழுங்கை முழுக்க மணந்துபோட்டுது. வாத்தியார் மதிலுக்கு மேலால எட்டிப் பாத்து, ‘என்ன, இண்டைக்குக் கொழும்பு மணக்குது’ எண்டிட்டார்.”

ஒழுங்கையில் நாலு வீடு. பொருளாதாரத் தடை வந்ததிலிருந்து எது கிடைத்தாலும் அவன் வீட்டுக் குசினியில்தான் பிரிப்பது. பங்கு இறைச்சி போடுவதுபோல. ஒருவர் ஒரு பங்கைத் தொடுவார். மற்றவர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு வீட்டின் பெயரைச் சொல்வார்.

அவன் மனைவி கொண்டுவந்த வழக்கம். அவள் தொட்டுக் கேட்பாள். அவன் சொல்வான். ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

அவள் போன பிறகு இன்றுதான் பழம் வந்திருக்கிறது.

அக்கா வெட்டி முடித்தார்.

“திரும்பு தம்பி.”

திரும்பினான். ஷெல் துண்டு பாய்ந்த இடத்தைக் களிமண்ணால் அடைத்திருந்தான். நிறம் இன்னும் சுவரோடு சேரவில்லை.

“கேக்காதேங்கோ அக்கா. கத்தியால சும்மா தட்டுங்கோ.”

அக்கா தட்டினார்.

“வாத்தியார் வீடு.”

தட்டினார்.

“மேரியக்கா வீடு.”

தட்டினார்.

களிமண் விளிம்பை நகத்தால் சுரண்டினான். சின்னவள் காத்திருப்பாள்.

“உங்கட வீடு.”

மிஞ்சியது ஒன்று.

“அதையும் சின்னவளுக்குக் கொண்டுபோங்கோ.”

“பங்கெண்டால் பங்குதான் தம்பி. உன்ர மனுசி விட்டிருப்பாளே?”

அக்கா போய்விட்டார். அவன் சுவரைப் பார்த்தபடியே நின்றான்.

கடைசியாகப் பங்கு போட்ட அன்று தோடம்பழம். குசினியில் அவனும் அவளும் மட்டும்.

“ஒருத்தரும் பாக்கேல்லை. பிறகென்ன?” என்றான்.

“நீங்கள் பாக்கிறியள்தானே” என்று தோளைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டாள்.

மூன்று வீடும் சொல்லியாயிற்று. கடைசிப் பங்குக்குப் பெயர் தேவையில்லை. என்றாலும் அவள் கேட்பாள். “உமக்கு” என்பான்.

அன்று சீண்டிப்பார்க்கக் கொஞ்சம் தாமதித்தான். அதற்குள் ஷெல் விழுந்தது.

அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று செத்தவீட்டில் எல்லோரும் கேட்டார்கள். ‘அம்மா’ என்றாள் என்று சொன்னான். அவளுடைய அம்மாவுக்கு அது வேண்டியிருந்தது.

அவள் சொன்னது அதுவல்ல.

“இது ஆருக்கு?”