புகார் இல்லாதவள்

எங்கள் நாட்டில் ஒருவர் உயிரோடிருப்பதற்குச் சான்று, அவர்மேல் வருகிற புகார்தான். வருடத்துக்கு ஒன்றாவது வரவேண்டும்; தொடர்ந்து பதினோரு வருடம் வராவிட்டால் பேர் பதிவேட்டிலிருந்து போய்விடும். அதிகப் புகார் பெற்றவரே பிரதமர். என் கணவருக்காக நான் வருடந்தோறும் எழுதிக்கொடுக்கிறேன். குறட்டைக்கே நாலு பக்கம்.

"உங்க மேல பதினோரு வருஷமா ஒண்ணுமே வரலையேம்மா. சாயங்காலம் பேரை அடிச்சிருவோம்," என்றார் புகார் அலுவலக எழுத்தர்.

கணவரும் எனக்காக எழுதுகிறார் என்றே நினைத்திருந்தேன். பக்கத்தில் நின்ற அவரைப் பார்த்து, "இப்பவாவது ஏதாவது சொல்லுங்களேன்," என்றேன்.

அவர் நெற்றியைத் தேய்த்தபடி வெகுநேரம் யோசித்தார். "இவளைப் பத்திச் சொல்ல என்ன சார் இருக்கு? தங்கமானவ," என்றார், பெருமையாக.

இருபத்தாறு வருடம் அந்த வீட்டில் நான் எங்கே இருந்தேன்?

என் கை மேஜையிலிருந்த மைப்புட்டியை எடுத்து அவருடைய வெள்ளைச் சட்டையில் கவிழ்த்ததை, வரிசையில் நின்றவர்களைப் போல நானும் வாய்பிளந்து பார்த்தேன்.

"அடிப்பாவி! பைத்தியமாடி உனக்கு?" என்று கணவர் அலறினார்.

எழுத்தர் அவசரமாக ஒரு தாளை அவர் பக்கம் தள்ளினார். "அப்படியே எழுதுங்க சார். முதல்ல அவங்க பேரு."

கணவர் பேனாவை எடுத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். பேர் எழுதவேண்டிய இடத்தில் பேனா அப்படியே நின்றது.