காலண்டர் அட்டைக்குப் பின்னால்

"இல்லைன்னு சொல்லுதேன்லா. அந்த மாத்திரையெல்லாம் இங்க கேக்கப்படாது."

மருந்துக்கடைச் செந்தூர்வேல் அப்படிச் சொன்னதும், ஸ்டெபி முகத்தில் சுற்றியிருந்த துப்பட்டாவை இன்னும் இறுக்கிக்கொண்டாள். ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் உப்புக் காற்றுக்குச் சுற்றுவதுபோலக் கழுத்து வரை சுற்றியிருந்தாள். கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

தூத்துக்குடியில் இது ஏழாவது கடை. ஆறு கடையிலும் இதே பதில்தான். இரண்டு கடையில் பதிலுக்கு முன்னால் ஒரு சிரிப்பும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மணிக்கெல்லாம் ஷட்டரை இறக்கிவிடுவார்கள். மாத்திரை போட வேண்டிய மூன்று நாள் கெடுவோ இன்று இரவோடு முடிகிறது. கடைச் சுவரில் மணி ஒன்றே முக்கால்.

"அண்ணாச்சி, எப்படியாவது பாருங்க. நாளைக்குன்னா பிரயோசனமே இல்ல."

"பெரியாஸ்பத்திரிக்குப் போயேன்."

"தெரிஞ்சவங்க யாராவது பாத்தா வீடு வரைக்கும் போயிரும்."

நெஞ்செரிச்சலுக்கு மருந்து வாங்கிக்கொண்டு நின்ற துறைமுக லாரி டிரைவர் பல்லைக் காட்டினார். "சோலி முடிஞ்ச பொறவுதான் எல்லாரும் ஓடியாராவ, அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். ஸ்டெபிக்குக் காது எரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை, சண்டை போட நேரமில்லை.

டிரைவர் போன பிறகு, கண்ணாடி மேசைமேல் குனிந்து சொன்னாள். "கீழ்த்தட்டுல கிரைப் வாட்டருக்குப் பின்னால ஒரு பழைய காலண்டர் அட்டை நிக்கும். அதுக்கும் பின்னால ரெண்டு டப்பா இருக்கு, அண்ணாச்சி."

பூட்டை எடுக்கப்போன செந்தூர்வேலின் கை அப்படியே நின்றது. குனிந்து துழாவினார். இருந்தது.

"ஆயுத பூசைக்கு வீட்டுல எல்லாருமா வந்து கடையக் கழுவும்போது ஒதுங்குனது. எனக்கே நெனப்பில்ல, ஒனக்கு எப்படித் தெரியும்?"

ஸ்டெபி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"கடையில வேலை பாத்துட்டு நின்னுட்டாளே ஒருத்தி, அவ சொல்லியிருப்பா" என்று அவரே ஒரு பதிலையும் சொல்லிக்கொண்டு, டப்பாவின் தேதியைப் பார்த்தார். காலாவதி ஆகவில்லை. ஆனாலும் கையில் தரவில்லை.

"இன்னொரு பிள்ளை தங்கிச்சின்னா உசிருக்கே ஆபத்துன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க, அண்ணாச்சி."

செந்தூர்வேலின் முகம் மாறியது. அதட்டல் போய், தங்கைக்குப் புத்தி சொல்கிற குரல் வந்தது.

"அப்படின்னா முன்கூட்டியே பாக்காண்டாமா? இது அவசரத்துக்குள்ளது. இதையே நம்பி இருக்கப்படாது. தெனம் ஒண்ணு போடுத மாத்திரை இருக்குல்லா, அதப் போட்டா என்ன?"

"வீட்டுல விடமாட்டாங்க."

"காப்பர்-டி?"

இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"மூணு மாச ஊசி? ஆபரேஷன்? சரி, ஒண்ணும் வேண்டாம். அந்த ஆளு ஒரு உறையாவது மாட்டலாம்லா? அதுல என்ன கொறஞ்சு போவான்?"

"அவரு எதுக்குமே ஒத்துக்கிட மாட்டாரு, அண்ணாச்சி."

"எந்த ஊரு மாடு அவன்?" செந்தூர்வேல் மேசையில் ஓங்கித் தட்டினார். "டாக்டர் சொன்ன பொறவும் ஒருத்தன் இப்படி இருக்கான்னா அவன் மனுஷனா? என் முன்னால வரச் சொல்லு. நாக்கப் பிடுங்குத மாதிரி நாலு கேக்கேன்."

ஸ்டெபி அவரைக் கொஞ்ச நேரம் கண்கொட்டாமல் பார்த்தாள். "சொல்லுதேன், அண்ணாச்சி" என்றாள்.

"ஒரு மாத்திரைதான். போன ஒடனே போட்டுரு. மூணு மணி நேரத்துக்குள்ள வாந்தி வந்துட்டா இன்னொண்ணு போடணும். அதுக்கும் சேத்து ரெண்டையும் வச்சுக்க" என்று பேப்பரில் சுற்றித் தந்தார்.

உப்பு லாரிகளுக்கு இடையில் ஸ்கூட்டர் பறந்தது. கடை சாத்தும் முன் வீடு போய்ச் சேர வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் மனதில்.

பின்தெருச் சுவருக்கு அந்தப்பக்கம், தண்ணீர்ச் செம்போடு பகவதி நின்றாள். இடுப்பில் ஒன்பது மாதக் கைக்குழந்தை. உள்ளே மூத்த பெண்கள் இரண்டு பேரும் சண்டை போடும் சத்தம். ஸ்டெபி இந்தத் தெருவுக்குக் குடிவந்து ஒரு மாதம்தான் ஆகிறது. இருவருக்கும் பழக்கமெல்லாம் இந்தச் சுவருக்கு மேலேதான்.

பகவதி பேப்பரைப் பிரித்த வேகத்திலேயே மாத்திரையை விழுங்கினாள். ஒரு கை தானாக அடிவயிற்றுத் தையலுக்குப் போனது. மூன்று பிரசவமும் அறுவைதான், மூன்றும் பெண். மகன் பிறக்கும் வரை வேறு பேச்சே கிடையாது என்பது அந்த வீட்டுச் சட்டம். ஒளித்து வைத்த மாத்திரை அட்டைகள் இரண்டு முறை சாக்கடைக்குப் போயிருந்தன.

மிச்சமிருந்த டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி நின்றாள். மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை இப்போதுதான் வந்தது.

"எனக்காகப் போயி ரொம்பத் திட்டு வாங்குனியா, ஏளா?"

ஸ்டெபி துப்பட்டாவை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள்.

"ஒங்க வீட்டுக்காரரு என்னையத் திட்டலக்கா. தன்னையத்தான் திட்டிக்கிட்டாரு."