ரேகை எடுக்கவில்லை

"அக்கா, அந்த நாலு நம்பரை இனிமே கண்டபடி போட்டுப் பாக்காதீங்க. இன்னொரு தடவை தப்பாச்சுன்னா மொத்தமாப் பூட்டிக்கும்!"

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கத்தினான் நெடுமாறன். மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். காலேஜ் கவுன்சிலிங் வந்துவிட்டால் கடையில் நிற்க இடம் இருக்காது. வருகிறவர்களில் பாதிப் பேர் பாஸ்வேர்டை மறந்தவர்கள். மீதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

எதிர்முனையில் பேசிய ஜெயாவின் குரல் கரகரத்தது.

"நாங்க ஒண்ணும் பண்ணலீங்க தம்பி. நேத்து எங்க வீட்டுக்காரரு லேப்டாப்பைத் தொறந்து வெச்சது அப்படியே கெடந்துச்சு. ராத்திரி அதுவா அப்டேட்டுன்னு ஓடிச்சு, அதுவா அணைஞ்சு எரிஞ்சுச்சு. இப்ப நம்பர் கேட்டுக்கிட்டே நிக்குது. எம் பொண்ணு அபிநயாவுக்கு இன்னிக்கு காலேஜ் பேரெல்லாம் வரிசையாப் போட்டு லாக் பண்ணணும். அஞ்சு மணியோட முடிஞ்சிருமாம். விட்டா அவ படிப்பே போச்சு."

"அதை எந்த கம்ப்யூட்டர்ல வேணா போடலாமேக்கா."

"யூசர் பேரு, பாஸ்வேர்டு எல்லாம் அவ அப்பாதான் போட்டாரு. இதுலதான் சேவ் பண்ணி வெச்சிருக்காரு. எங்களுக்குத் தெரியாது."

"மறந்துட்டேன்னு கொடுத்தா ஓடிபி வருமே."

"அது அவரு போனுக்குல்ல வரும்? போனு ஆத்தோட போயிடுச்சு."

நெடுமாறனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாமணி ஆத்துல தண்ணி வந்தாலும் வந்துச்சு, தெனம் ஒரு போனைக் காவு வாங்குது! சரி, அவரைப் பேசச் சொல்லுங்க."

"இங்கதான் படுத்திருக்காரு."

"பொண்ணு படிப்பு அந்தரத்துல தொங்குது, பட்டப்பகல்ல என்னக்கா படுக்கை? எழுப்புங்க."

"எழுப்ப முடியாது தம்பி."

அவள் குரலுக்குப் பின்னால் பல பேர் பேசுகிற இரைச்சல் கேட்டது.

"வீட்டுல ஏகப்பட்ட கூட்டமா?"

"சொந்தக்காரங்க எல்லாம் வந்திருக்காங்க."

நெடுமாறனுக்குப் புரிந்துவிட்டது. சொந்தக்காரர்கள் வந்ததைச் சாக்காக வைத்துக்கொண்டு காலையிலேயே ஊற்றிக்கொண்டு மட்டையாகிவிட்ட ஆள். இப்படிப்பட்ட அப்பன்களை அவன் எத்தனையோ பார்த்தாயிற்று. முகம் தெரியாத அபிநயாவை நினைத்தால்தான் அவனுக்குப் பாவமாக இருந்தது.

"லேப்டாப்பையாவது கடைக்குக் கொடுத்து விடுங்க."

"எங்களால இப்ப எங்கயும் நகர முடியாது தம்பி. லேப்டாப்புக்கு அடியில உங்க கடை நம்பர் ஒட்டியிருந்துச்சு. அதைப் பாத்துத்தான் கூப்பிட்டேன்."

"நம்ம கடையில வாங்கினதா? அப்ப விரல் வைக்கிற மாடலா இருக்கும். தட்டுற எழுத்துக்குக் கீழ, ஓரமா ஒரு சின்னக் கட்டம் இருக்கா?"

"இருக்கு." அவள் யாரிடமோ கேட்டாள். "அப்பா இதுல விரல் வைப்பாராடி?"

"கட்டை விரல்மா" என்றது ஒரு சின்னக் குரல்.

"அவ்வளவுதான்க்கா! அவரு எந்திரிக்கவே வேணாம். நீங்களே அவரு கையைப் பிடிச்சு அதுல வைங்க."

"அவரு கையையா?"

"பின்ன, என் கையையா?"

எதையோ நகர்த்துகிற சத்தம் கேட்டது. "ஏ ஜெயா, என்னடி பண்ற? எல்லாரும் பாக்குறாங்க!" என்று ஒரு கிழக்குரல் அதட்டியது.

"எம் பொண்ணுக்காகச் சித்தி. சித்த சும்மா இருங்க" என்றாள் ஜெயா. போனில் மறுபடி வந்தாள். "வெச்சுட்டேன் தம்பி. எடுக்க மாட்டேங்குது."

"விரல் ஈரமா இருக்கா?"

"ஊறிப் போயிருக்கு."

"வயல் வேலையா? சேத்துல கெடக்குற கைக்கு ரேகை அப்படித்தான். ரேஷன் கடையிலயும் இதே ரோதனைதான். முந்தானையால நல்லாத் தொடச்சுட்டு வைங்க."

"தொடச்சு வெச்சேன். இப்பவும் எடுக்கல தம்பி."

"கை சில்லுன்னு இருந்தாலும் எடுக்காது. உங்க ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வெச்சு, சூடு பறக்கத் தேய்ங்க."

அவள் தேய்த்தாள். வளையல் சத்தம் போனில் விட்டுவிட்டுக் கேட்டது. கடையில் நின்றவர்கள் முணுமுணுக்க, நெடுமாறன் கையைக் காட்டி அடக்கினான். அந்தக் குடிகாரன் எக்கேடு கெட்டுப் போகட்டும், பெண்ணுக்காகவாவது இது திறந்துவிட வேண்டும் என்று அவன் மனசு அடித்துக்கொண்டது.

"சூடு வரலீங்க தம்பி."

"ஏன்க்கா வராது? இன்னும் நல்லா அழுத்தித் தேய்ங்க!"

"ராத்திரியிலேருந்து ஐஸ் பெட்டிக்குள்ள இருக்காரு தம்பி" என்றாள் ஜெயா. "மூணு மணிக்கு எடுத்துடுவாங்க. அதுக்குள்ள வேற வழி இருந்தா சொல்லுங்க."