நாலாவது தாளுக்கு அப்புறம்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு, உடம்பு எப்படி இருக்கிறதென்று வாயைத் திறந்து கேட்டால் நாக்கா தேய்ந்துவிடும்? அதற்கும் ஒரு ஆப் வேண்டுமாம். செல்போன் ஆப் வடிவமைக்கக் கற்றுக்கொள்ளும் மகள், ஆப்பைச் செய்யுமுன் சோதித்துப் பார்க்க, உள்ளங்கை அகலத் தாள்களில் பென்சிலால் கட்டங்கள் போட்டு, முதல் தாளை அப்பாவின் முன் வைக்கிறாள். படிப்பை முடிக்க அடுத்த வாரம் வேறு ஊருக்குப் போகிறாள். வீட்டில் தனியாக இருக்கப்போகிற அவருக்காகத்தான் இந்த ஏற்பாடு. சாய்ந்த வெயில் மேசையில் விழுகிறது. மின்விசிறிக் காற்றில் மற்ற தாள்கள் பறக்காமலிருக்க அவள் முழங்கையை ஊன்றியிருக்கிறாள். “இதுதான் போன்னு நெனச்சுக்கோங்கப்பா. நெஞ்சு வலிக்குது. என்ன பண்ணுவீங்க?” “கத்துவேன்.” “அப்பா!”

முதல் தாளில், ‘உடம்பு எப்படி இருக்கிறது?’ அவர் எழுத்துக்கூட்டிப் படித்து, ‘முடியவில்லை’ என்ற கட்டத்தில் தடித்த கட்டைவிரலை வைக்கிறார். அவள் தாளை மாற்றுகிறாள். ‘எங்கே வலி?’ நெஞ்சைத் தொடுகிறார். மூன்றாவது தாளில், ‘நிச்சயமாகவா?’ “வலிக்குதுன்னு சொல்றவன்கிட்ட சத்தியம் கேக்குதா இந்தக் கழுதை?” சிரித்தபடி அவள் அந்தத் தாளைக் குறுக்கே அடித்துவிட்டு நான்காவதை வைக்கிறாள். ‘மகளுக்குச் செய்தி போய்விட்டது.’ “போச்சு, சரி. நீ அங்க இருக்க. இங்க வர்றது யாரு?” அவளிடம் ஐந்தாவது தாள் இல்லை. அவசரமாக ஒரு கட்டம் போட்டு, ‘பக்கத்து வீட்டுக்காரர் வருகிறார்’ என்று எழுதுகிறாள். “வரட்டும். கதவு உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கும். யாரு தெறப்பா, உன் பென்சிலா?” நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, தலையை ஆட்டிக்கொண்டே அடுத்த அறைக்கு நடக்கிறார். பின்னால் அவள் ஐந்தாவது தாளையும் குறுக்கே அடிக்கும் சத்தம் கேட்கிறது.