நாலு சக்கரத்துக்கும்

எஃகு இழை பின்னிய பிரேக் குழாயைக் கடைக்காரர் மேசைமேல் வைக்கிறார். ஜன்னல் வெயிலில் அது மீன்செதிலாய் மினுங்குகிறது. போன பந்தயத்தில் பிரேக் பிடிக்காமல் அவன் ஓட்டிய கார் மண்மேட்டில் மோதியதிலிருந்து, அந்தக் காரைப் பற்றி வாயே திறக்காத மனைவி இன்று தானாகவே கூட வந்திருக்கிறாள். "முன்சக்கரத்துக்கு மட்டும் போதும்," என்கிறான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல். அவள் குழாயை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்துகிறாள். "ரப்பர் குழாய் சூட்டுல வீங்கிடுமாமே. இது வீங்காதா?" "வீங்காதும்மா. மிதிச்சதும் கப்புனு பிடிக்கும்." "அப்ப நாலு சக்கரத்துக்கும் குடுங்க." கடைக்காரர் அலமாரிப் பக்கம் திரும்புகிறார். அவன் திகைத்துப்போய் அவளையே பார்க்கிறான். "என்ன பாக்கறீங்க? போகாதீங்கன்னு சொன்னா கேக்கவா போறீங்க?" என்கிறாள், குழாயைக் கீழே வைக்காமலே.