கண்கட்டு மாப்பிள்ளை

கார் நின்றதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

வேறென்ன செய்வது? உடம்பெல்லாம் கல்யாண கவுன். யார்க்‌ஷயர் மேட்டுச் சாலையில் சுற்றிலும் ஆடுகள். அப்பாவின் அறுபது வயதுக் கார். எட்டிப் பார்த்தால் சர்ச் கோபுரம் தெரிகிறது.

அப்பா சாவியைத் திருப்பினார். வழக்கமாக பானெட்டுக்குள் இருக்கும் எலெக்ட்ரிக் பம்ப் டிக் டிக் என்று அடித்துக்கொண்டு என்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும். இன்று பேச்சு மூச்சில்லை.

இந்தக் காலத்துக் காரெல்லாம் வேறு. இது மாதிரி பழசை வைத்திருப்பவர்களுக்கு ஒரே வைத்தியம்தான்: பம்ப் மக்கர் செய்தால் காலில் இருப்பதைக் கழற்றி அதன் தலையில் ஒன்று போடு. அப்பா தன் ஷூவால் போட்டார். என் வெள்ளை ஹீல்ஸையும் வாங்கிப் போட்டார். ம்ஹூம்.

"எனக்கு ஒண்ணும் புரியல. ரஸ்ஸலுக்குப் போன் போடு."

"ஐயோ அப்பா! கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளை பொண்ணைப் பார்த்தா ஆகாதே!"

வேறு நாளாக இருந்தால் சாங்கியமாவது மண்ணாவது என்றிருப்பேன். ஆனால் மூன்று வருடத்துக்கு முன்பு இதே சர்ச்சுக்குள் நுழைந்தபோது, மாப்பிள்ளை நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அது வேறொருவன். கடைசிவரை வரவேயில்லை. ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது. இன்னொரு தரம் அப்படி நின்றால் செத்தே போவேன்.

பயந்துகொண்டே போன் போட்டேன். ரஸ்ஸல் உடனே எடுத்தான்.

வயல் வழியாக ஓடி வந்தான். கல்சுவரைத் தாண்டும்போது கோட்டு ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். அப்பா குறுக்கே பாய்ந்து, தன் கழுத்து டையை அவிழ்த்து அவன் கண்ணை இறுக்கிக் கட்டினார். நான் பின்சீட்டில் குனிந்து, முகத்திரையை வாயில் கடித்துக்கொண்டேன்.

முதலில் ஓர் ஆட்டின் மேல் மோதினான். அதனிடம் மன்னிப்பும் கேட்டான்.

"பிரையனி, நீ சிரிக்கிறது எனக்குக் கேக்குது."

"சிரிக்கலடா, அழறேன். சீக்கிரம் பண்ணித் தொலை!"

பம்பின் மேல் காதை வைத்தான். விரல்களால் ஒவ்வொரு வயராகத் தடவிக்கொண்டே போனான். கன்னமெல்லாம் கரி.

"அட, எர்த் வயர் தனியாத் தொங்குது!"

மாட்டி, விரலாலேயே நட்டை முறுக்கினான். டிக்டிக்டிக்டிக் என்று பம்ப் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாகி, நின்றே போனது.

"போச்சு, நின்னுடுச்சு!" என்று அலறினேன்.

"நிக்கணும்டி லூசு. பெட்ரோல் ரொம்பிடுச்சுன்னு அர்த்தம்."

எனக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அப்பா அவனைச் சர்ச் பக்கம் திருப்பிவிட்டு, கட்டை அவிழ்த்து, முதுகில் ஒரு தள்ளு தள்ளினார். திரும்பிப் பார்க்காமல், கரி பிடித்த கையை ஆட்டிக்கொண்டே ஓடினான் என் ராஜா.

அப்பா காரைக் கிளப்பினார். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்மை கரைந்திருந்தது. கைக்குட்டைக்காக முன்னால் சாய்ந்து அவர் கோட்டுப் பையில் கை விட்டேன்.

கைக்குட்டை இல்லை. சின்ன ஸ்பேனர் ஒன்று இருந்தது.

அதைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். எர்த் வயரைக் கழற்றினாலும், கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் கார் எவ்வளவு தூரம் ஓடும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

அப்பா சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவன் மட்டும் வராமப் போயிருந்தா, உன்னை அந்த வாசப்படி மிதிக்க விடாம அப்படியே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன், கண்ணு."